டென்ஷன் அதிகம்

ஜப்பானிய மொழித் தேர்வில் ஐந்து நிலைகள் உண்டு. உச்சியில் இருக்கும் என்1 நிலையில் நான் தேறியிருக்கிறேன். அம்மா அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "ரெண்டாயிரம் எழுத்து படிச்சிருக்கா" என்று சொல்லாமல் காபி கொடுக்க மாட்டாள். அவள் சொல்வதில் பொய்யில்லை. அன்றாடப் புழக்கத்துக்கென்று ஜப்பானிய அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2,136 கான்ஜி எழுத்துகள் இருக்கின்றன. பெரும்பாலானவை எனக்குக் கைப்பழக்கம். ஆனால் அதே மொழியில் வெறும் 46 எழுத்து கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. அந்தச் சான்றிதழ் வாங்கும்வரை அதை நான் ஒருநாளும் உட்கார்ந்து படித்ததில்லை. இது அம்மாவுக்குத் தெரியாது. இன்றுவரை யாரிடமும் சொன்னதும் இல்லை.

கத்தகானா என்று அந்த வரிசைக்குப் பெயர். ஜப்பானியர்கள் ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வகை எழுத்துகளைக் கலந்து எழுதுகிறவர்கள். பெயரும் வினைப்பகுதியும் சீனத்திலிருந்து வந்த கான்ஜியில் இருக்கும். (எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்கள் கடைசிவரை அதைக் 'கஞ்சி' என்றுதான் சொன்னார்கள்.) வேற்றுமை உருபு, வினைமுடிவு எல்லாம் நெளிவும் சுழிவுமான ஹிரகானாவில் வரும். வெளிநாட்டிலிருந்து வந்த சொல்லோ ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ என்றால் கத்தகானா. பிளேடால் கீறினாற்போல நேர்கோடும் மூலையுமாக நிற்கும். ஹிரகானாவிலும் 46 எழுத்து, இதிலும் 46. ஒலிகளும் அவையே. 'க'வுக்கு அங்கே ஒரு உருவம், இங்கே ஒரு உருவம், அவ்வளவுதான்.

சென்னை மாலை வகுப்பில் முதல் மாதம் ஹிரகானா, இரண்டாம் மாதம் கத்தகானா. இரண்டாம் மாதம் வகுப்புக்குப் போனேன், மனம் போகவில்லை. ஒரே ஒலிக்கு எதற்கு இன்னொரு எழுத்து என்ற எரிச்சல் பாதி. அதில் வருவதெல்லாம் இங்கிலீஷ்தானே என்ற தெனாவட்டு மீதி. கான்வென்ட்டில் படித்தவள். கத்தகானாவில் இருப்பதை வாய்க்குள் இரண்டு தடவை உருட்டிப் பார்த்தால் உள்ளேயிருந்து இங்கிலீஷ் தலையை நீட்டிவிடும். 'தெரெபி' என்றால் டெலிவிஷன், 'ராஜியோ' என்றால் ரேடியோ, 'ஐஸுகுரீமு' என்றால் சொல்லவே வேண்டாம். தமிழருக்கு இந்த விளையாட்டு இன்னும் சுலபம். பஸ் என்று மெய்யில் நிறுத்த நம் நாக்கும் ஒப்புவதில்லை, 'பஸ்ஸு' என்று ஓர் உகரத்தை ஒட்டித்தான் கீழே இறக்குகிறோம். ஜப்பானியர்களும் 'பஸு' என்கிறார்கள். நம் ஊரில் 'இஸ்கூலு' என்றால் அவர்களிடம் 'ஸுகூரு'. இப்படி ஊகித்து ஊகித்தே தேர்வுகளில் தேறிவிட்டேன். கேள்வித்தாளில் நான்கு விடைகளில் ஒன்றை டிக் செய்வதற்கு இந்த ஊகம் போதும். கையால் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை.

எழுத வேண்டிவந்தது ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், ஒரு வங்கிக் கிளையில்.

கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்துப் போயிருந்தேன். சம்பளத்துக்குக் கணக்கு தொடங்க வேண்டும். ஜப்பானில் எந்தப் படிவத்திலும் பெயருக்கு மேலே ஒரு ஒல்லியான வரி இருக்கும். பெயரை எப்படி உச்சரிப்பது என்று அதில் எழுத வேண்டும். கான்ஜிப் பெயர்களைப் பலவிதமாகப் படிக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு. வங்கிகளின் கணினியில் கணக்குக்காரர் பெயர் கத்தகானாவாகத்தான் ஓடுகிறது. ஜப்பானியரோ வெளிநாட்டவரோ, அந்த வரிதான் வங்கிக்கு நம் பெயர்.

என் பெயர் எழிலரசி. ஜப்பானிய மொழியில் லகரம் இல்லை, ளகரம் இல்லை, ழகரம் இருக்க வழியே இல்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ரகரம். ஆக எழிலரசி 'எரிரரஷி' ஆனாள். அதுகூடப் பரவாயில்லை, சங்கடம் கடைசி எழுத்தில் இருந்தது. கத்தகானாவில் 'ஷி' எழுத இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சின்னக் கோடு போட்டு, பிறகு ஒரு நீளக் கோட்டைக் கீழிருந்து மேலே வலப்பக்கமாக வீச வேண்டும். 'ட்ஸு' எழுத இரண்டு சின்னக் கோடுகளும் மேலே அக்கம்பக்கமாக நிற்கும், நீளக் கோடு மேலிருந்து கீழே இடப்பக்கமாக இறங்கும். நம் ரகரமும் துணைக்காலும் மாதிரி, பழகிய கண்ணுக்குப் பளிச்சென்று வேறு, பழகாதவர்களுக்கு ஒன்று. எழுதிப் பழகியவர்கள் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கையால் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்குக் கை பழகவில்லை. மூன்று கோட்டையும் ஏதோ ஒரு சாய்வில் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

பாஸ்புக் வந்தது. 'எரிரரட்ஸு' என்று இருந்தது. நான் பார்க்கக்கூட இல்லை. இதற்கிடையில் எங்கள் சம்பளப் பிரிவு என் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தானாக ஒரு கத்தகானா போட்டிருந்தது. ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இருக்கும் எழுத்துச்சேர்க்கையைப் பார்த்தால் யாருக்குமே 'ஜ' என்றுதான் படிக்கத் தோன்றும். அங்கே நான் 'எஜிரரஷி'. எஜிரரஷிக்கு அனுப்பிய முதல் மாதச் சம்பளம் எரிரரட்ஸுவின் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போனது.

வங்கிக்குப் போய் நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. "உங்கள் ஊழியருக்கு எழுத்துகூடப் படிக்கத் தெரியாதா?" என்கிற பொருள்பட, மிக உயர்ந்த மரியாதை நடையில், தேர்வுக்குப் படித்த அத்தனை இலக்கணத்தையும் பயன்படுத்திக் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் உள்ளே போய் என் படிவத்தின் நகலை எடுத்துவந்து, கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். எழுத்தின் மேல் வைக்கவில்லை, பக்கத்தில் வைத்தார். நான் பார்த்தேன். அது சந்தேகமே இல்லாமல் 'ட்ஸு'. அவர் எழுந்து நின்று குனிந்து, "உங்களிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்யாமல் விட்டது எங்கள் பிழை" என்றார். "பரவாயில்லை" என்று நான் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று இரவு ஒரு நோட்டு வாங்கி 46 எழுத்தையும் எழுதிப் பார்த்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கையெழுத்துக்குப் பதில் முத்திரை குத்தும் அந்த ஊர் வழக்கத்துக்காக, பெயரைக் கத்தகானாவில் செதுக்கிய ஒரு வட்ட முத்திரை செய்து வாங்கினேன். 'ஷி'யை செதுக்குகிறவரே அழகாகச் செதுக்கிக் கொடுத்துவிட்டார். இனி எழுத வேண்டிய வேலை இல்லை என்று நிம்மதி.

தொழிற்சாலைக்கு, சென்னையை அடுத்த ஒரகடத்தில் இருந்த எங்கள் ஆலையிலிருந்து எட்டுப் பேர் பயிற்சிக்கு வந்தார்கள். எல்லாம் இருபதுகளில் இருக்கும் பையன்கள், டிப்ளமோ படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் விடுதியில் நான் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பேன். முதல் வகுப்பிலேயே சொன்னேன்: "கத்தகானாவைப் பத்திக் கவலைப்படாதீங்க. அது இங்கிலீஷுக்காக உண்டாக்கின எழுத்து. சத்தமா படிச்சா தானா புரிஞ்சிரும்."

ஒருவன் கை தூக்கினான். அவன் பெயரை எழுதப் போவதில்லை. தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன், அப்படித்தான் கூப்பிட்டேன். "அக்கா, அப்போ இங்கிலீஷ்காரன் வர்றதுக்கு முன்னாடி ஜப்பான்ல இந்த எழுத்து இல்லையா?"

"இல்லப்பா" என்றேன், யோசிக்கக்கூட இல்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மை என்ன என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். கத்தகானா பிறந்தது 9-ஆம் நூற்றாண்டில், பௌத்தத் துறவிகளின் கையில். நாரா மடாலயங்களில் சீன மொழிச் சூத்திரங்களை வாசிக்கும்போது அதை ஜப்பானிய மொழியில் எப்படிப் படிப்பது என்று வரிகளுக்கு இடையே குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இருக்கும் இடமோ விரற்கடை. முழுக் கான்ஜியை எழுத முடியாது. அதனால் எழுத்தின் ஒரு மூலையை மட்டும் பிய்த்து எழுதினார்கள். 'கத்த' என்றால் முழுமையில்லாத துண்டு. சேர்த்தல் என்ற பொருளுள்ள ஒரே கான்ஜியை முழுதாக வேகவேகமாகச் சுழித்து எழுதி ஹிரகானா 'க' வந்தது. அதன் இடப்பாதியை மட்டும் வெட்டியெடுத்துக் கத்தகானா 'க' வந்தது. ஹிரகானாவில் அரண்மனைப் பெண்கள் கதையும் கடிதமும் எழுத, கத்தகானா படித்த ஆண்களின் எழுத்தாக, சாஸ்திரத்தின் பக்கத்திலேயே தங்கிவிட்டது. 1889-இன் மெய்ஜி அரசியல் சட்டம் கான்ஜியும் கத்தகானாவும் கலந்தது. 1945 ஆகஸ்டில் சக்கரவர்த்தி வானொலியில் படித்த சரணாகதிப் பிரகடனமும் அப்படியே எழுதப்பட்டது. போருக்கு முன் பள்ளிப் பிள்ளைகள் முதலில் படித்ததே கத்தகானாதான். குற்றவியல் சட்டம் 1995-இலும், உரிமையியல் சட்டம் முழுவதுமாக 2004-இலும்தான் ஹிரகானாவுக்கு மாறின. தந்தியும் கத்தகானாவில்தான் போய்க்கொண்டிருந்தது.

வெளிநாட்டுச் சொல்லுக்கு இதைப் பயன்படுத்தும் வழக்கத்துக்கும் தனி வரலாறு இருக்கிறது. 1708-இல் யாகுஷிமா தீவில் ரகசியமாக வந்து இறங்கிய சிதோத்தி என்ற இத்தாலியப் பாதிரியாரைப் பிடித்து விசாரித்த அறிஞர் அராய் ஹகுசெகி, அவரிடம் கேட்டறிந்ததைப் புத்தகமாக எழுதியபோது மேற்கத்தியப் பெயர்களைக் கத்தகானாவில் எழுதினார். இங்கிலீஷ் அங்கே பரவுவதற்கு நூறு வருடத்துக்கும் மேல் முந்தைய கதை. தம்பியின் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி!

அவன் அடுத்து கேட்டது தொழிற்சாலைச் சுவரைப் பற்றி. பெரிய பலகையில் கத்தகானாவில் மூன்று சொற்கள்: 'முரி, முரா, முதா'. "அக்கா, இதெல்லாம் என்ன இங்கிலீஷ்?" நான் நின்று வாய்க்குள் உருட்டினேன். மூட், மட், முரல்... எதுவும் தலையை நீட்டவில்லை. "டெக்னிக்கல் வார்த்தை, அப்புறம் சொல்றேன்" என்றேன். மூன்றும் பச்சை ஜப்பானியச் சொற்கள். தாங்காத சுமை, சீரின்மை, விரயம். டொயோட்டா உற்பத்திமுறையின் மூலபாடமே இவைதான். கண்ணில் குத்தி நிற்கட்டும் என்பதற்காக, நாம் தடித்த எழுத்தில் அச்சடிப்பதுபோல, சொந்தச் சொல்லையே கத்தகானாவில் எழுதுவார்கள். 'கைஸென்' என்ற சீர்திருத்தமும் அப்படி, 'பொக்காயொக்கே' என்ற பிழைத்தடுப்பும் அப்படி. இன்னும் எத்தனையோ இடத்தில் சொந்தச் சொல் இந்த உடையில் வரும். உயிரியல் புத்தகத்தில் நாய், பூனை, மனிதன் என்ற பெயர்களே கத்தகானாவில் இருக்கும், அங்கே மனிதன் ஒரு விலங்கினம் என்று காட்ட. ஹிரோஷிமாவைக் கான்ஜியில் எழுதினால் ஓர் ஊர், கத்தகானாவில் எழுதினால் அணுகுண்டு விழுந்த ஊர். 2011-க்குப் பிறகு ஃபுகுஷிமாவும் அப்படி எழுதப்பட ஆரம்பித்தது. சித்திரக்கதையில் ரோபோ பேசினாலும் வெளிநாட்டவர் கொச்சையாகப் பேசினாலும் கத்தகானா. எங்கள் கம்பெனிப் பத்திரிகையில் என் பேட்டி வந்தபோது, நான் ஜப்பானிய மொழியில் சொன்ன 'வணக்கம்' மட்டும் கத்தகானாவில் அச்சாகியிருந்தது. ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை நான்.

ஒலிக்குறிப்புச் சொற்களுக்கு வருகிறேன், இதில் தமிழர் யாரும் தோற்கக் கூடாது. கடகட, சலசல என்று இரட்டைக்கிளவியில் ஊறியவர்கள் நாம். ஜப்பானிய மொழியில் அதே மாதிரி 'கதகத' என்றால் ஆட்டம் கண்டு லொடலொடப்பது, 'கிஷிகிஷி' என்றால் உராய்ந்து கிறீச்சிடுவது. சத்தத்தைக் குறிப்பவற்றைப் பெரும்பாலும் கத்தகானாவில் எழுதுவார்கள். 'கத' என்று ஒற்றையாக எழுதினால் பட்டறைப் பேச்சில் இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கும் லூஸ். ஒரு குறைபாட்டு அறிக்கையில் இருந்த இந்தக் 'கத'வை நான் இங்கிலீஷ் 'கட்டர்' என்று நினைத்து, கழிவுநீர்க் கால்வாய் இல்லாத இயந்திரத்தில் கால்வாய் வெட்டினேன். சென்னை என்ஜினீயர் ஒருவர் மெனக்கெட்டு போன் செய்து, "மேடம், இந்த அசெம்ப்ளியில் கட்டரே கிடையாதே" என்றார். "டைப்பிங் மிஸ்டேக்" என்றேன்.

கூட்டம் ஒன்றில் இன்னொன்று நடந்தது. 'குரேமு' வந்திருக்கிறது என்று ஜப்பானிய மேலாளர் சொல்ல, 'கிளெய்ம்' வந்திருக்கிறது என்று நான் சொல்ல, நம் ஊர்க் கணக்கதிகாரி முகம் வெளுத்து, எவ்வளவு தொகை என்று கேட்டார். குரேமு என்றால் வாடிக்கையாளர் புகார், பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அது புரிந்ததும், மேலாளர் தன் வார்த்தையைத் திருத்திக்கொண்டதாக அந்த இடத்திலேயே மாற்றிச் சொன்னேன். பாவம், அவருக்குத் தெரியாமலே என் தவறை அவர் தலையில் கட்டினேன்.

கத்தகானாவில் இருக்கும் சொல் இங்கிலீஷாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ரொட்டிக்குச் சொல்லும் 'பான்' போர்த்துக்கீசியம், இலங்கைத் தமிழர் பாண் என்று சொல்வதும் அதே கப்பலில் வந்த அதே சொல். 'அருபைத்தோ' என்ற பகுதிநேர வேலை ஜெர்மன். 'அன்கேத்தோ' என்ற கருத்துக்கணிப்பு பிரெஞ்சு. பட்டறையில் எல்லோர் பையிலும் இருக்கும் 'நோகிஸு', அதாவது வெர்னியர் காலிப்பர், ஜெர்மன் வழியாக வந்த சொல். மூலம் ஒன்றாகவே இருந்தாலும் மூன்று வாசல் வழியாக வந்து மூன்று பொருளில் குடியேறிய சொல்லும் உண்டு. விளையாடும் சீட்டு 'கருத்தா' போர்த்துக்கீசிய வாசல், டாக்டர் எழுதும் நோயாளிக் குறிப்பு 'கருத்தே' ஜெர்மன் வாசல், பர்ஸில் இருக்கும் 'காதோ' இங்கிலீஷ் வாசல். இங்கிலீஷிலிருந்தே வந்தாலும் உள்ளே வந்தபின் குணம் மாறிவிடுகிறது. 'மன்ஷொன்' என்றால் மாளிகை இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பு. 'ஸுமாத்தோ' என்றால் ஒல்லி. 'கன்னிங்கு' என்றால் பரீட்சையில் பிட் அடிப்பது. நாற்பது ஐட்டம் வைத்து வேண்டியதை எடுத்துச் சாப்பிடும் பஃபேவுக்குப் பெயர் 'பைக்கிங்கு', வைக்கிங் கடற்கொள்ளையரின் பெயர், 1958-இல் தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் வைத்தது. நம் கறியும் கட்டுமரமும் 'கரே', 'கதமரன்' என்று கத்தகானா சட்டை போட்டுக்கொண்டு அங்கே உலாவுகின்றன.

ஜப்பானியர்களுக்கே இது தலைவலிதான். அரசின் மொழி ஆய்வு நிறுவனம் 2003-இலிருந்து நாலு தடவை, இந்தக் கத்தகானாச் சொல்லுக்குப் பதில் இதைச் சொல்லுங்கள் என்று பட்டியல் போட்டது. 2013-இல் கிஃபு மாகாணத்தில் 71 வயதுப் பெரியவர் ஒருவர், வெளிநாட்டுச் சொல்லாகக் கொட்டிப் பேசுவதால் நிகழ்ச்சி புரியவில்லை, மன உளைச்சலாக இருக்கிறது என்று பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே மீது 14 லட்சத்துச் சொச்சம் யென் கேட்டு வழக்குப் போட்டார். அடுத்த வருடம் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. செய்தியைப் படித்தபோது நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் புரியவில்லை என்று வாய்திறந்து சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது.

தம்பி கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

எட்டுப் பேரில் கான்ஜி யாருக்கும் வராது. அதனால் தம்பி கத்தகானாவைப் பிடித்துக்கொண்டான். கருவிப் பெட்டி, சுவிட்ச் போர்டு, எச்சரிக்கைச் சீட்டு எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்து, சட்டைப்பையில் வைத்திருந்த சின்ன நோட்டில் தமிழில் எழுதிவைப்பான். ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று லைனில் வேலை செய்யும் ஜப்பானியர்களிடமே ஜாடையில் கேட்பான். 'பரி' என்றால் வெட்டிய உலோக விளிம்பில் நிற்கும் பிசிறு, 'பென்ச்சி' என்றால் கட்டிங் பிளேயர் என்று எனக்கே அவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். காலையில் வேலை தொடங்குமுன் லைன் லீடர் கை தட்டிச் சொல்வதை அப்படியே நடித்துக்காட்டுவான்: "டென்ஷன் அகெதே இகோ!" எல்லோரும் சிரிப்போம். "டென்ஷன் ஆகாதேன்னு சொல்றார்டா" என்று நான் விளக்கம் கொடுத்தேன். அவன் கொஞ்சம் யோசித்து, "அப்படித் தெரியலையே அக்கா" என்றான்.

மூன்று மாதம் முடிந்ததும் மதிப்பீட்டுத் தாள்கள் வந்தன. ஒரகடத்துக்கு அனுப்ப நான் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். எட்டுப் பேரில் இரண்டு பேரை மறுபடி ஒரு வருடத்துக்கு அனுப்புவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தம்பியின் தாளில் லைன் லீடர் பென்சிலால் நாலு வரி கிறுக்கியிருந்தார். முதல் வரியில் 'கிச்சோமென்' என்று ஒரு சொல், மூன்று கான்ஜி, அவசரக் கையெழுத்து. அதைப் பிரித்துப் படிக்கவும், அதற்குச் சரியான இங்கிலீஷ் பிடிக்கவும் மூன்று அகராதி பார்த்து அரை மணி நேரம் செலவழித்தேன். எதையும் ஒழுங்காக, பிசகில்லாமல் செய்கிறவர் என்று பொருள். அழகான சொல் ஒன்று போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டாவது வரி நோகிஸுவைப் பற்றி. மூன்றாவதும் நான்காவதும் கிட்டத்தட்ட முழுக்கக் கத்தகானா. 'டென்ஷன்' உயர்வு. 'மூதோ மேக்கா'.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. எளிதில் பதற்றப்படுகிறவர். மனநிலை அடிக்கடி மாறும், கூட இருப்பவர்களையும் அது பாதிக்கும். எழுதிவிட்டேன். டென்ஷன் நம் வீட்டுச் சொல், அகராதி எதற்கு? மூடு சரியில்லை என்று தினம் சொல்கிறோம், அதற்கும் அகராதி எதற்கு? மேலே ஒழுங்கானவர் என்று இருக்கிறதே என்று ஒரு கணம் இடறியது. ஒழுங்கு பார்க்கிறவர்கள் டென்ஷன் ஆவது இயற்கைதானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விடுதியில் எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த பையனைத் தெரிந்துவைத்திருந்தும் என் கண்ணை நான் நம்பவில்லை, இங்கிலீஷை நம்பினேன். மொழிபெயர்ப்பாளர் கட்டத்தில் என் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு அழுத்தினேன். 'எரிரரஷி', கடைசி எழுத்து திருத்தமாக விழுந்தது.

இரண்டு பேர் பட்டியலில் அவன் இல்லை. ஊருக்குக் கிளம்பும் நாளில், "என்னக்கா, நான் டென்ஷன் பார்ட்டின்னு ஹெச்.ஆர்ல சொல்றாங்களாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். "அடுத்த தடவை பாத்துக்கலாம் தம்பி, கொஞ்சம் நிதானமா இரு" என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன்.

அந்த டிசம்பரில் வருடக் கடைசி விருந்து. எனக்கு நல்ல செய்தி வந்திருந்தது, தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. கரோக்கேயில் தமிழ்ப் பாட்டெல்லாம் பாடி, ஆடி, எல்லோரையும் எழுப்பி ஆடவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெண் கை தட்டியபடி என்னிடம் சொன்னார்: "எரிசான், இன்றைக்கு டென்ஷன் அதிகமாக இருக்கிறதே!" பின்னாலிருந்து இன்னொருவர், "நல்ல மூதோ மேக்கா!" என்றார்.

மைக் கையில் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எந்த வரியும் எனக்கு வாயில் வரவில்லை.

அறைக்கு வந்து, அந்த இரண்டு சொல்லையும் முதன்முறையாக அகராதியில் பார்த்தேன். மறுநாள் காலை ஒரகடத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போதும். நாலு வரி. எழுதவும் செய்தேன், வரைவுப் பெட்டியில் இருந்தது. அனுப்பினால், இதற்கு முன் பெயர்த்ததெல்லாம் சரியா என்று கேட்பார்கள். என்1 சான்றிதழைப் பற்றிக் கேட்பார்கள். விசா புதுப்பிக்க வேண்டிய மாதம் வேறு. அவன் தேர்வாகாததற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். இருந்திருக்கலாம்தான். அதைத் தெரிந்துகொள்ள நான் முயலவே இல்லை, இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? மார்ச்சில் அந்த வரைவை அழித்தேன்.

இப்போது சென்னைக்குத் திரும்பிவிட்டேன். நோட்டு ஒன்று வாங்கி, கட்டம் போட்டு, தினம் ஒரு பக்கம் கத்தகானா எழுதுகிறேன். நாற்பது வயதுக்கு மேல் கை சீக்கிரம் வளையாது. 'ஷி' எழுதும்போது கோடு இன்னமும் சில நாள் மேலிருந்து கீழே ஓடிவிடுகிறது. அந்தத் தொழிற்சாலை வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. தம்பியும் அங்கிருந்து மாறிவிட்டான் என்று கேள்வி, எங்கே என்று தெரியவில்லை. பத்திரிகை படிக்கிற பழக்கம் அவனுக்கு இருந்தது. விடுதிக்குப் பழைய வார இதழ்களை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதை நம்பித்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

தம்பி, உன் தாளில் உன் லைன் லீடர் எழுதியிருந்தது இதுதான்:

வேலையில் ஒழுங்கும் நேர்த்தியும் உள்ளவர். நோகிஸு பிடித்து அளவெடுப்பதில் இன்னும் வேகம் வேண்டும். எப்போதும் உற்சாகமாக இருக்கிறார். இவர் இருக்கும் இடம் கலகலப்பாக இருக்கும்.